புதிய இசை ஆசிரியரைப் பள்ளி அறிந்துகொண்ட விதம்: ஒரு பருவத்தின் நிகழ்வு ஆய்வு

மூன்றாவது வாரத் திங்கட்கிழமை காலை ஜெபத்தில் கீபோர்டு மூடியே கிடந்தது. புதிய இசை ஆசிரியர் மேடையின் ஓரத்தில் நின்று, வாயைத் திறக்காமல் ஒரே ஒரு ஸ்வரத்தை முனகிக் காட்டிவிட்டுக் கையை உயர்த்தினார். முதல் வரியில் பாதிப் பிள்ளைகள் பாடவே இல்லை. மீதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சேர்ந்தார்கள். வழக்கமாக மாடி வராந்தா வரை அதிரும் பாட்டு, அன்றைக்கு நான்காவது வரிசையைத் தாண்டவில்லை. ஜெபம் முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைவதற்குள்ளேயே யாரோ சொன்னார்கள்: "பாட்டே போச்சு." யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

நான் மறுத்திருக்க வேண்டும். அல்லது குறைந்தபட்சம் ஏன் அப்படிச் செய்தார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். புதிதாக வரும் ஆசிரியருக்கு முதல் பருவம் முழுக்கத் துணையாக இருக்கும் பொறுப்பு என்னுடையது. கணக்கு ஆசிரியரான எனக்கு இசை தெரியாது என்பது இதில் ஒரு காரணமே இல்லை. மூன்று வாரமாகியும் அவருடைய வகுப்புக்குள் நான் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை என்பதுதான் காரணம். அந்தப் பருவத்தில் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு இசை ஆசிரியர்களும் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வெளியே தருகிறேன். பெயர்கள் வேண்டாம் என்பது மூவருடைய முடிவும்.

வந்த விதம்

புதிய ஆசிரியருக்கு முன்னால் இருந்த சார் இருபது வருடத்துக்கு மேல் இதே பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தவர். இப்போதைய பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் அவரிடம் படித்தவர்கள். காலை ஜெபத்தில் எந்தப் பாமாலையானாலும் அவர் விரல் கீபோர்டில் பட்ட பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் வாய் திறக்கும். அவர் ஓய்வுபெற்றபோது பள்ளிக்குத் தேவைப்பட்டது இன்னொரு இசை ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டோம். உண்மையில் நாங்கள் தேடியது அவரையேதான்.

நேர்காணல் குழுவில் நானும் இருந்தேன். எந்தச் சபையைச் சேர்ந்தவர், ஞானஸ்நானம் எப்போது பெற்றார், கீபோர்டு எவ்வளவு காலமாக வாசிக்கிறார், கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பாடகர் குழுவைத் தயார்செய்ய எத்தனை வாரம் வேண்டும் என்றெல்லாம் கேட்டோம். கிறிஸ்தவப் பள்ளி இந்தக் கேள்விகளைக் கேட்பதில் தவறில்லை. ஜெபத்தில் பாட்டை நடத்தப்போகிறவரின் விசுவாசம் பள்ளிக்கு முக்கியம்தான். ஆனால் சுருதி சேராத பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரவேற்புக் கூட்டத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னோம். கருவி எதுவும் இல்லாமல் ஒரே ஒரு சரணம் பாடினார். அறை முழுக்கக் கைதட்டல். அன்றோடு அவரைத் தெரிந்துகொண்டாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்து போய்விட்டோம்.

மாற்றங்களும் வதந்தியும்

முதல் வாரம் அவர் எதையும் மாற்றவில்லை. காலை ஜெபத்தின்போது கைப்பேசியில் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் பாட்டுகளின் சுருதி ஏறியது. மூன்றாவது வாரம் கீபோர்டு மூடப்பட்டது. இதற்கிடையில் பள்ளிப் பாடல் காலை நிரலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. வகுப்பில் வேறு, ஸ்வரத்துக்கு ஒரு கை அடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்: மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் டோ என்றால் மூடிய முஷ்டி, மி என்றால் தரையைப் பார்த்துப் படுத்த உள்ளங்கை, டீ என்றால் மேலே காட்டும் ஆள்காட்டி விரல். பிள்ளைகள் அதை வீட்டிலும் செய்து காட்டினார்கள்.

ஐந்தாவது வாரத்துக்குள் இரண்டு பேச்சுகள் கிளம்பிவிட்டன. அவர் வளர்ந்த சபையில் ஆராதனையில் இசைக்கருவி கிடையாது, அந்தக் கொள்கையை இங்கே நுழைக்கிறார் என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு ஏதோ முத்திரை பழக்குகிறார், இது கிறிஸ்தவப் பள்ளியில் வரலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றிப் பெற்றோர் ஒருவர் தலைமை ஆசிரியருக்குக் கடிதமே எழுதினார். அந்தத் தாயின் கவலை பொய்யல்ல. தனக்குப் புரியாத ஒன்றைப் பிள்ளை செய்யும்போது யாருக்கும் வரும் கவலைதான் அது. எங்களில் ஒருவர் அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

பதில் சொல்வதும் கடினமல்ல. அந்தக் கை அடையாளங்கள் பிறந்ததே கிறிஸ்தவச் சூழலில்தான். இங்கிலாந்தின் நாரிச் நகரத்துப் போதகர் ஒருவரின் மகள் சாரா குளோவர், சிறு பிள்ளைகளுக்குச் சபைப் பாட்டைச் சுலபமாகக் கற்றுத்தர எழுத்துகளால் ஆன ஒரு முறையை உருவாக்கினார். 1841-இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் மாநாடு ஒன்று, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர எளிய வழி கண்டுபிடிக்கும்படி ஜான் கர்வென் என்ற இளம் போதகரைக் கேட்டுக்கொண்டது. அவர் குளோவரின் முறையை எடுத்து வளர்த்தார். அதுவே டானிக் சோல்ஃபா. கை அடையாளங்களையும் பின்னால் அவர்தான் சேர்த்தார். நம் காதுக்கு இது அந்நியமும் அல்ல. நம் 'ச' எப்படி எந்தக் கட்டையிலும், அதாவது எந்தச் சுருதியிலும், உட்காருமோ, அப்படியே சோல்ஃபாவில் 'டோ'வும் பாட்டுக்கு ஏற்ப இடம் மாறும். இத்தனையும் புதிய ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

தலைமை ஆசிரியர் என்னைப் பேசிப் பார்க்கச் சொன்னார். நான் போய்க் கேட்ட முதல் கேள்வியை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

"உங்க சபையில கீபோர்டு எல்லாம் கூடாதாமே?"

அவர் கையில் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "நான் வளர்ந்த சபையில கிடையாது டீச்சர். இப்போ போற சபையில ஆர்கன், கிடார் எல்லாம் உண்டு. நானே வாசிக்கிறேன். கிளாஸ்ல மூடி வச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல." சற்றுப் பொறுத்து, "ஒருநாள் வந்து உக்காந்து பாருங்களேன்" என்றார். ஐந்து வாரத்தில் யாரும் அவர் வகுப்புக்கு வரவில்லை என்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அழைப்பில் அது இருந்தது.

ஏழாம் வகுப்பு, மூன்றாம் பீரியட்

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இந்த ஒரு பீரியடை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கீபோர்டைத் திறந்தார். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாமாலையைப் பழைய சார் வாசிக்கும் அதே சுருதியில் வாசித்தார். பிள்ளைகள் முழு பலத்தோடு பாடினார்கள். இதைத்தானே இத்தனை வாரமாக இழந்தோம் என்று எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. இரண்டாவது சரணத்தின் நடுவில் சட்டென்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். நிறுத்தாதீர்கள் என்று சைகை காட்டினார். பாட்டு தொடர்ந்தது. நான்கு வரி கழித்து மீண்டும் கீபோர்டில் கை வைத்தார்.

இரண்டும் முட்டிக்கொண்டன. கீபோர்டு ஓரிடத்தில், வகுப்பு அதற்குக் கீழே ஓரிடத்தில். இசை தெரியாத எனக்கே பல் கூசியது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"கீழ இறங்கிட்டோம் மிஸ்."

"எவ்வளவு?"

ஒரு பெண் கீபோர்டுக்கு வந்து விரலால் தேடி, இரண்டு கட்டைகளையும் அழுத்திக் காட்டினாள். ஒரு முழு ஸ்வரம். நான்கு வரியில் முப்பத்தைந்து பிள்ளைகளும் சேர்ந்து ஒரு ஸ்வரம் இறங்கியிருந்தார்கள். வழியில் யாருக்கும் அது தெரியவில்லை. இத்தனை வருடமும் சுருதியைப் பிடித்து வைத்திருந்தது கீபோர்டுதான். பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார்கள். இதைத்தான் முதல் வாரப் பதிவில் அவர் கேட்டிருக்கிறார். கீபோர்டை மூடினால்தான் பிள்ளைகள் பக்கத்துக் குரலைக் கேட்க ஆரம்பிப்பார்கள் என்பதே அவர் கணக்கு.

சுருதியை உயர்த்திய காரணமும் அன்றைக்குப் புரிந்தது. எங்கள் பள்ளிப் பாடலின் அடி ஸ்வரம், கீபோர்டின் நடுவில் உள்ள சி-க்குக் (நடு சி) கீழே இருக்கும் ஏ. நம் வழக்கில் சொன்னால் கீழ் ஆறு கட்டை. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இயல்பாகப் பாட வரும் இடம் ஏறக்குறைய நடு சி-க்கு அடுத்த டி-யிலிருந்து அதற்கு மேலுள்ள டி வரை. அதைவிடத் தாழ்த்திக் கொடுத்தால் பிள்ளை பேச்சுக் குரலில் அழுத்திப் பாடும். பேச்சுக் குரலை அழுத்தினால் வருவது கத்தல். மாடி வராந்தா வரை அதிர்ந்தது எது என்று நான் முதல்முறையாக யோசித்தேன். ஆண்கள் முன்னின்று பாடிப் பதிவுசெய்யும் துதிப்பாடல்களிலும் இதே சிக்கல் உண்டு என்றார் அவர். அவர்களுக்கு வசதியான சுருதியை அப்படியே ஒரு ஸ்தாயி, அதாவது எட்டு ஸ்வரம், மேலே எடுத்துப் பிள்ளைகள் பாடும்போது, தாழ்ந்த வரிகள் அவர்கள் குரலுக்கு எட்டாமல் அடியில் போய்விடுகின்றன.

எனக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். பாட்டு முழுக்க உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். அழகாக, வார்த்தை தவறாமல் அசைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் பாடுகிறான் என்றே சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விழாவில், சுருதி சேரவில்லை, நீ வாயை மட்டும் அசை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இப்போது அவனுக்குக் குரல் உடையும் வயது வேறு. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு, ஒரு பையனின் குரல் முடிவில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே போய் நிற்கும். போகிற வழியில் பல மாதம் அவனுக்கென்று சில ஸ்வரங்கள்தான் ஒழுங்காக வரும். மற்றவை கீறும், அல்லது வரவே வராது.

ஆசிரியர் அவனைப் பாடச் சொல்லவில்லை. "நேத்து மேட்ச்ல யார் ஜெயிச்சா?" என்று கேட்டார். அவன் சொன்னான். "இன்னொரு தடவ சொல்லு." சொன்னான். அவன் சொன்ன கடைசி எழுத்தின் ஸ்வரத்தைப் பிடித்து அவர் முனகினார். "இது உன் ஸ்வரம்தானே? எங்கூட ம்ம்னு சொல்லு." அவன் கீழே பார்த்தபடி ம்ம் என்றான். கரகரப்பாக இருந்தது, ஆனால் அசையாமல் நின்றது. அப்புறம் வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் இவன் ஸ்வரத்துக்கு வாங்க" என்றார். முப்பத்து நான்கு பேரும் அவனைத் தேடி வந்தார்கள். சிலர் அதே இடத்துக்கும் சிலர் ஒரு ஸ்தாயி மேலேயும் வந்து சேர்ந்தார்கள். அறை முழுக்க ஒரே ஸ்வரம் நின்றது. அவன் தலை நிமிர்ந்து பார்த்தான். அந்த ஸ்வரத்திலிருந்து மேலே இரண்டு, கீழே ஒன்று என நான்கு ஸ்வரத்தில் அவனுக்கு ஒரு வரி கொடுத்தார். மற்றவர்கள் பாமாலையைப் பாட, அவன் அடியில் அந்த வரியைப் பாடினான்.

அந்தப் பையனுக்கு இரண்டு வருடமாக நான் கணக்கு எடுக்கிறேன். அவன் காலை ஜெபத்தில் பாடுவதே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கே தவறியது

எந்தச் சபை என்ற கேள்வி தவறான கேள்வியல்ல. அதற்குக் கிடைத்த பதிலை வைத்து மற்ற எல்லாவற்றையும் விளக்க முயன்றதுதான் தவறு. அவர் இசைக்கருவி இல்லாத சபையில் வளர்ந்தவர் என்று தெரிந்தது. கீபோர்டு மூடப்பட்டது. இரண்டையும் முடிச்சுப்போட எங்களுக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

கருவி வேண்டுமா வேண்டாமா என்பது திருச்சபை வரலாற்றில் பழைய விவாதம். அதில் எந்தப் பக்கமும் இசைக்குப் பகை என்று சொல்லிவிட முடியாது. 1520-களில் சூரிக் நகரத்து ஆலயங்களில் ஆர்கனை நிறுத்திய சீர்திருத்தப் போதகர் சுவிங்லி, பல கருவிகளை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். ஜெனிவாவில் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் சபை, வேதாகமத்தின் சங்கீதங்களைக் கருவியில்லாமல் பாடியது. அதற்காக மெட்டமைத்த தொகுப்பு 1562-இல் முழுமை பெற்றது. அதில் பிறந்த மெட்டுகளை இன்றைக்கும் ஆர்கனோடு பாடுகிறோம். ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தரோ லூட் என்ற நரம்பிசைக் கருவி வாசித்தவர், தானே பாமாலை எழுதியவர். ஆர்த்தடாக்ஸ் போன்ற கீழைத் திருச்சபைகள் பலவற்றில் வழிபாடு இன்றும் குரலால் மட்டுமே நடக்கிறது. கருவியில்லாப் பாட்டுக்கு உலகம் முழுக்க வழங்கும் 'அ கப்பெல்லா' என்ற இத்தாலியச் சொல்லுக்கே ஆலயப் பாணியில் என்றுதான் பொருள். ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் வகுப்பறையில் இந்த மரபுகள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். அவற்றில் ஒன்றில் வளர்ந்த ஆசிரியரை நாங்கள் சந்தேகத்தோடு பார்த்தோம்.

சத்தத்தைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது இன்னொன்று. பாட்டு மெலிந்தால் ஆவி மெலிந்தது என்று ஆசிரியர் அறையில் பேசினோம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761-இல் சபையாருக்கு எழுதிய பாடும் நெறிகள் எனக்கு இங்கே துணை. தைரியமாக, முழுக் குரலில் பாடச் சொன்ன அதே வெஸ்லி, மற்றவர்களுக்கு மேலே தனியாகக் கேட்கும்படி கத்த வேண்டாம், குரல்கள் ஒன்றாகச் சேரட்டும் என்றும் சொன்னார். நாங்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

புதிய ஆசிரியரின் பக்கமும் குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது. பள்ளிப் பாடலை நிறுத்தியதற்கு அவருக்கு நல்ல காரணம் இருந்தது. கத்திப் பழகிய பாட்டை அதே பிள்ளைகளிடம் திருத்துவதைவிட, சில வாரம் ஒதுக்கிவைத்துப் புதிய சுருதியில் மீண்டும் தொடங்குவது எளிது. ஆனால் அதை யாரிடமும் சொல்லாமல் செய்தார். எங்களுக்கு அந்தப் பாட்டு வெறும் பாட்டல்ல. அதில் பழைய சார் இருந்தார். இதை நான் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "எனக்கு அது தெரியாது டீச்சர். யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். அவருக்குத் துணை என்று போட்டிருந்தது என் பெயர்.

அதன் பிறகு

ஏழாவது வாரம் பழைய சாரை அழைத்தோம். அவர் மனம் புண்படுமோ என்று தயங்கித்தான் கூப்பிட்டேன். ஒரு பீரியட் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ஏன் சுருதிய ஏத்தினீங்கம்மா?" என்று கேட்டார். புதிய ஆசிரியர் காரணத்தைச் சொன்னார். சார் தலையை ஆட்டினார்.

"பிள்ளைங்களுக்கு அது சரிதான். நான் இறக்கினது தெரியாம இல்லம்மா. ஆரம்பத்துல ஜெபத்துல பெரியவங்க யாருமே பாட மாட்டாங்க. வாட்ச்மேன், டிரைவர், ஆசிரியருங்க, சும்மா நிப்பாங்க. அவங்களும் சேர்ந்து பாடணும்னுதான் இறக்கினேன்."

இருபது வருடம் பக்கத்தில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டில் நானும் கூச்சமில்லாமல் வாய் திறந்தது அவர் எனக்காகச் சுருதியை இறக்கியதால்தான். நாங்கள் அறியாமல் இருந்தது புதிய ஆசிரியரை மட்டுமல்ல.

இருவரும் அன்றைக்கு நெடுநேரம் கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பள்ளிப் பாடல் எட்டாவது வாரம் இரண்டு கட்டையில், அதாவது டி-யில், திரும்பி வந்தது, கீபோர்டோடு. முதல் சரணம் கருவியில்லாமல், அடுத்தது கருவியோடு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுவதால் அவர்களுக்குச் சிரமமில்லை. என்னைப் போலத் தாழ்ந்த குரல் உள்ள பெண்களுக்கு மேல் டி எட்டாது. எங்களுக்கென்று சார் ஒரு இரண்டாம் குரல் வரி எழுதிக்கொடுத்தார். அதற்கு ஒத்திகை வெள்ளிக்கிழமை இடைவேளையில்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கடிதம் எழுதிய தாய் திறந்த வகுப்புக்கு வந்து பார்த்து, மகளோடு சேர்ந்து கை அடையாளங்களைக் கற்றுக்கொண்டார். ஆனால் பழைய பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்ற இரண்டு பிள்ளைகள், மெதுவாகப் பாடச் சொல்வது பிடிக்காமல் விலகியவர்கள் விலகியவர்கள்தான். அவர்களிடம் யார் பேசுவது என்பதில் இன்னும் முடிவில்லை. காலைப் பாட்டு இப்போதும் பழைய அளவுக்குச் சத்தமாக இல்லை. அந்தப் பையன் நான்கு ஸ்வரத்திலிருந்து ஆறுக்கு வந்திருக்கிறான்.

புதிய ஆசிரியர்களுக்கான எங்கள் படிவத்தில் சபை பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: துணை ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்த தேதிகள். அடுத்த பருவத்தில் நூலகத்துக்குப் புதியவர் ஒருவர் வருகிறார். துணை என்று மீண்டும் என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே எனக்கு மூன்று பீரியட் ஒதுக்கித்தரும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.